எனக்கேற்ற காமிரா

புடவைக் கடைக்குப் போனால் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். முந்தானையைத் தொட்டுப் பார்த்தே எத்தனை சலவைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவோம். குக்கர், கிரைண்டர் வாங்குவதிலும் அப்படித்தான். ஆனால் காமிரா என்றதும், "அதெல்லாம் ஆம்பிளைகள் பார்த்து வாங்குகிற சாமான்" என்று ஒதுங்கிக் கொள்கிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். சீவலப்பேரியில் உட்கார்ந்துகொண்டு ஆறு மாதம் விசாரித்து, 'ஃபுல் ஃப்ரேம்' என்கிற பெரிய காமிரா ஒன்றை என் சீட்டுப் பணத்தில் வாங்கினேன். எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்காதவர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எதற்காக வாங்கினேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கிற ஊர் எங்கள் ஊர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்ததாம்! எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நெல், துணிமணி, மிக்ஸி எல்லாம் போயிற்று. அவற்றையெல்லாம் மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிவிட்டோம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்களை எங்கே போய் வாங்குவது?

என் மாமனார் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. அவரும் அத்தையும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம், என் கல்யாண ஆல்பம், குழந்தைகளின் மொட்டைப் படங்கள் எல்லாம் சேறும் தண்ணீருமாக ஒட்டிக் கிடந்தன. அப்போது என் அண்ணன் போனில் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நனைந்த போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே காய்ந்துவிடக் கூடாது. காய்ந்தபின் பிரித்தால் முகமெல்லாம் மறுபக்கத்தோடு போய்விடும். சுத்தமான பச்சைத் தண்ணீரில் போட்டு, அதுவாகக் கழன்று வரும்வரை பொறுத்து, ஒவ்வொன்றாகப் படம் மேலே இருக்கும்படி துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். படத்தின் மேல் கையே படக் கூடாது. நனைந்த மேல்பூச்சு கூழாக இருக்கும். அப்படிச் செய்து பதினோரு படங்களைக் காப்பாற்றினேன். அவற்றில் ஒன்றில்கூட அத்தை இல்லை.

அத்தைக்கு எண்பத்தொரு வயது. பாம்படம் போட்டுத் தொங்கிய காது. பாம்படம் எப்போதோ விற்றாயிற்று, காது மட்டும் தோளைத் தொடுகிறது. பகலெல்லாம் பட்டாசாலையில்தான் இருப்பார்கள். ஓட்டு வீடு என்பதால் ஒரே ஒரு கண்ணாடி ஓட்டு வழியாக வருகிற வெளிச்சம்தான். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். முற்றத்துக்கு வரச் சொன்னால், "வெயில்ல என்னைய எதுக்குட்டி இழுக்க? இங்ஙன இருந்தபடிக்கே எடு, இல்லன்னா விட்டுரு" என்பார்கள். கையும் லேசாக நடுங்கும்.

போனில் எடுத்துப் பார்த்தேன். போன்களைக் குறை சொல்லவில்லை. வெளிச்சத்தில் நன்றாகவே எடுக்கின்றன. மங்கலான இடத்தில் பல படங்களை அதுவே சேர்த்து ஒரு படமாக்கி, முகத்தை மெழுகிவிடுகிறது. அத்தையின் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை! அது யாரோ.

காமிராவுக்குள் படம் விழுகிற சில்லுக்கு 'சென்ஸார்' என்று பெயர். மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வையுங்கள். ஒரே மழைதான், ஆனால் அண்டாவில் அதிகம் சேரும். வெளிச்சமும் அப்படியே. போனில் இருக்கும் சென்ஸார் நம் சுண்டுவிரல் நகத்தளவு. சாதாரண பெரிய காமிராக்களில், 'கிராப்' என்கிறார்களே, அவற்றில் சுமார் 24 மில்லிமீட்டருக்கு 16. ஃபுல் ஃப்ரேமில் 36-க்கு 24. பரப்பில் இரண்டே கால் மடங்குக்கு மேல். இந்த 36-க்கு 24 என்பது பழைய ஃபிலிம் சுருளின் கட்டம். சினிமாவுக்கான சுருளைச் சின்னக் காமிராவில் போட்டு எடுக்கலாம் என்று ஜெர்மனியில் ஆஸ்கர் பார்னாக் என்பவர் செய்து பார்த்தார். 1925-இல் லைக்கா காமிராவாக அது விற்பனைக்கு வந்தது. நம் கல்யாணங்களுக்கு ஸ்டூடியோக்காரர்கள் கொண்டுவந்த ஃபிலிம் காமிராக்களிலும் பெரும்பாலும் அதே கட்டம்தான்.

மகனைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போனேன். கேள்வி கேட்டது நான். பதில் சொன்னதெல்லாம் என் மகனுக்கு! அவன் பிளஸ் டூ படிக்கிறான், காமிராவைப் பற்றி என்னளவுகூட அவனுக்குத் தெரியாது. "ரெண்டு லென்ஸோட செட்டா வருது சார், எல்லாத்துக்கும் ஆகும்" என்று கிராப் காமிரா ஒன்றை எடுத்து வைத்தார் கடைப் பையன். லென்ஸில் போட்டிருந்த எண்ணைப் பார்த்தேன். நீளத்துக்கு இழுத்தால் எஃப் 5.6. இந்த எஃப் எண் லென்ஸின் ஜன்னல் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்வது. எண் சின்னதாக இருந்தால் ஜன்னல் பெரிது என்று தலைகீழாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1.8 திறக்கிற லென்ஸ், 5.6-ஐப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். "இந்த லென்ஸ்ல, லைட்டு போடாம, கை நடுங்குற பெரியவங்கள வீட்டுக்குள்ள எடுக்க முடியுமா தம்பி?" என்று கேட்டேன். அப்போதுதான் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. "முடியாது மேடம்" என்று உண்மையைச் சொன்னது. அதற்காக அந்தப் பிள்ளையை மெச்ச வேண்டும்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். குழந்தைகள் தெருவில் ஓடியாடுவதையும் கோயில் கொடையையும் எடுக்க நினைக்கிற இளம் தாய்மார்களுக்கு அந்த செட்டே போதும். எடை குறைவு, விலை குறைவு. ஃபுல் ஃப்ரேம்தான் வேண்டும் என்று யாரும் கடன் வாங்க வேண்டாம்.

என் விஷயத்தைத் தீர்த்து வைத்தது என் அண்ணன். பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஃபிலிம் போனதும் மூடிவிட்டார். "ஏட்டி, மொதல்ல லென்ஸைத் தீர்மானி. பொறவு அதுக்கேத்த பாடியப் பாரு. பாடி அஞ்சு வருசத்துல பழசாயிரும், லென்ஸ் உன் பேத்தி காலத்துக்கும் கெடக்கும்" என்று பெட்டியைத் திறந்து இரண்டு நிக்கான் லென்ஸ்களை எடுத்தார். ஒன்று 50 மில்லிமீட்டர், இன்னொன்று 85. இரண்டும் எஃப் 1.8.

அங்கேதான் ஒரு பாடம் படித்தேன். 50 லென்ஸை அதன் தோல் உறையோடு பூட்டிய பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். 85-ஐ மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தோம். தோல் உறையில் இருந்ததன் கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. டப்பாவில் இருந்தது சுத்தம்! தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஊறுகாய் ஜாடிக்கு நாம் பார்க்கிற பதத்தை லென்ஸுக்கும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

"இந்த 85-ஐ என்னோட தீவாளிச் சீரா வச்சுக்கோ" என்றார் அண்ணன்.

அந்த ஒரு லென்ஸ் காமிராவைத் தீர்மானித்துவிட்டது. எங்கள் பட்டாசாலையின் அகலம் பதினோரு அடி. ஃபுல் ஃப்ரேமில் 85 லென்ஸைப் போட்டு ஆறடி தள்ளி நின்றால், நாற்காலியில் இருப்பவரின் தலையிலிருந்து இடுப்புவரை வரும். அதே லென்ஸைக் கிராப் காமிராவில் போட்டால் ஓரங்கள் வெட்டுப்பட்டுப்போகும். அதே படத்துக்கு ஒன்பதடி தள்ளி நிற்க வேண்டும். அத்தையின் நாற்காலி போக, நான் சுவருக்குள்தான் போய் நிற்க வேண்டும்! இன்னொன்றும் உண்டு. இது பழைய காலத்து லென்ஸ் என்பதால் இதற்குள் மோட்டார் கிடையாது. காமிராவுக்குள் மோட்டார் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். 2018-லிருந்து நிக்கான் கம்பெனி கொண்டுவருகிற கண்ணாடியில்லாத 'மிரர்லெஸ்' இசட் வகைகளில் அந்த மோட்டார் இல்லை. 2014-இல் வந்த டி 750-இல் இருக்கிறது. அதனால் புதுசு, பழசு என்ற குழப்பமும் ஒழிந்தது.

எனக்குப் பறவை ஆசையும் உண்டு. நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்தில், 1994-இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளுக்காக வெடி வெடிக்காமல் தீபாவளி கொண்டாடுகிறவர்கள். இமயமலை தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்துகளையும் கூழைக்கடாக்களையும் அங்கே பார்த்திருக்கிறேன். ஆனால் பறவைக்கு 500 மில்லிமீட்டராவது வேண்டும். நிக்கானின் 200-500 லென்ஸ் மட்டுமே இரண்டேகால் கிலோ; விலையோ என் சீட்டை அப்படியே விழுங்கும். பறவைதான் முக்கியம் என்றால் கிராப் காமிராதான் கெட்டிக்காரத்தனம். 300 லென்ஸே அதில் 450 போல எட்டும். பறவைகள் அடுத்த வருஷமும் வரும். அத்தை விஷயத்தில் அப்படி நம்பி இருக்க முடியாது.

இதைச் சொல்லும்போது மா. கிருஷ்ணன் நினைவு வருகிறது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912-இல் நம் திருநெல்வேலியில் பிறந்தவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய காமிராவோ ஒரு கம்பெனியின் உடம்பு, இன்னொரு கம்பெனியின் லென்ஸ், கையால் செய்த பாகங்கள் என்று அவரே கோத்துக்கொண்டது! அண்ணனின் பழைய லென்ஸை வைத்துக்கொண்டு நான் ஏன் கூச்சப்பட வேண்டும்?

பழைய காமிரா வாங்க விரும்பும் சகோதரிகள் முக்கியமாகக் கேட்க வேண்டியது, ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று. ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டர் மாதிரி. டி 750-க்கு ஒன்றரை லட்சம் முறை என்று கணக்கு. முதலில் வந்த காமிரா கல்யாணங்களுக்கு ஓடியது, இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது, வேண்டாமென்று விட்டோம். அடுத்தது ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி ஒருவருடையது, முப்பத்தெட்டாயிரம்தான். எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்து, கரும்புள்ளிகள் விழுகின்றனவா என்று பார்த்தேன். இரண்டு கார்டு ஓட்டையிலும் கார்டு போட்டுப் பார்த்தேன். எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன். அசல் பில்லைக் கேட்டு வாங்கினேன். நாற்பத்தோராயிரம் சொன்னார், கொடுத்தேன்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளெழுத்து வந்துவிட்டால் போன் திரையையும் காமிராவின் பின்திரையையும் பார்க்கக் கண்ணாடி தேட வேண்டியிருக்கிறது. கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் உள்ள காமிராவில், அதன் ஓரத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். உள்ளே தெரிகிற எழுத்துகள் தெளிவாகும்வரை அதைத் திருகி நம் கண்ணுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை! எடையையும் கையில் தூக்கிப் பார்த்தே வாங்க வேண்டும். என்னுடையது லென்ஸோடு ஒன்றேகால் கிலோ. கழுத்தில் மாட்டினால் பிடரி வலிக்கிறது. குறுக்காகத் தோளில் போட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் சண்டை வரவில்லையா என்கிறீர்களா? வந்தது. வாழை போடுகிறவர் என் கணவர். வெள்ளத்தில் வாழையும் போய், மோட்டாரும் மண் மூடிப் போயிருந்தது. சீட்டு அறுபதாயிரம் விழுந்ததும் மோட்டாரைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். "ஏளா, வயலு காயுது, நீ போட்டாப் பொட்டிங்க" என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்றாம் நாள் நான் காய்ந்த பதினோரு படங்களையும் அவர் முன்னால் பரப்பி வைத்து, "இதுல உங்க அம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போனார். மீதிப் பத்தொன்பதாயிரத்தை மோட்டாருக்குக் கொடுத்தேன். அதற்குமேல் அவர் பேச்செடுக்கவில்லை. பழைய லென்ஸ் கிடைத்திராவிட்டால் இந்தக் கணக்கு நேராகியிருக்காது.

காலை பத்து மணிக்குக் கண்ணாடி ஓட்டு வெளிச்சம் நாற்காலிக்குப் பக்கவாட்டில் விழும். எஃப் 2-இல் வைத்து, அத்தையின் கை நடுக்கம் தெரியாமலிருக்க நொடியில் 125-இல் ஒரு பங்கு வேகத்தில், ஐ.எஸ்.ஓ. 3200-இல் எடுத்தேன். அத்தை வெற்றிலை இடித்துக்கொண்டே, "இன்னுமா எடுக்க?" என்று நிமிர்ந்தபோது விழுந்த படம்தான் நன்றாக வந்தது. காதின் துவாரம், நெற்றிச் சுருக்கம், வெற்றிலைக் காவி படிந்த உதடு எல்லாம் உள்ளபடி இருக்கிறது. காப்பாற்றிய பதினோரு படங்களையும் அதே வெளிச்சத்தில் நகல் எடுத்துவிட்டேன். மூன்று இடங்களில் பிரதி வைத்திருக்கிறேன், ஒன்று அண்ணன் வீட்டில்.

அத்தையின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சுவரில் இன்னும் தெரிகிற வெள்ளக் கோட்டுக்கு மூன்றடி மேலே என் கணவர் ஆணி அடித்து மாட்டினார். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு மதினி, தன் மாமியாரையும் வெள்ளிக்கிழமை கூட்டி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பத்து மணிக்குள் வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குமேல் வெளிச்சம் அடுப்பங்கரைப் பக்கம் நகர்ந்துவிடும்.