விடியும்வரை முடியாத ஆட்டம்

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட். அதன் தலைநகர் பிராவிடன்ஸை ஒட்டி இருக்கிறது பாட்டக்கெட். பஞ்சாலை ஊர். அமெரிக்காவில் முதன்முதலாக நீர்விசை எந்திரங்களில் பருத்தி நூல் நூற்கப்பட்டது இங்குதான், 1790-ல். 1793-ல் எழுந்த ஸ்லேட்டர் ஆலை பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையில் இன்னமும் நிற்கிறது, நினைவுச் சின்னமாக. மற்ற ஆலைகள் பலவும் 20-ம் நூற்றாண்டில் மூடப்பட்டன, அல்லது தெற்கு மாநிலங்களுக்கு மூட்டை கட்டின. ஊருக்கு மிஞ்சிய பெருமை பேஸ்பால்.

அதுவும் முதல் தர பேஸ்பால் அல்ல, அதற்கு ஒரு படி கீழே. பாஸ்டனின் பிரபல ரெட் சாக்ஸ் அணிக்கு வீரர்களைத் தயார் செய்யும் நாற்றங்கால்தான் பாட்டக்கெட் ரெட் சாக்ஸ். சதுப்பு நிலத்தில் எழுப்பி 1942-ல் திறக்கப்பட்ட மெக்காய் ஸ்டேடியம் அதன் வீடு. வீரர்கள் அமரும் இடம் பார்வையாளர் வரிசைக்கு நேர் கீழே. பிளாஸ்டிக் பால் கேனை வெட்டி, பந்தும் பேனாவும் போட்டு, கயிற்றில் கட்டி இறக்குவார்கள் சிறுவர்கள். பந்து கையெழுத்தோடு மேலே வரும்.

1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தைய இரவு. எதிரணி ரோச்செஸ்டர் ரெட் விங்ஸ். விளக்குக் கோளாறால் அரை மணி நேரம் தாமதமாக ஆட்டம் தொடங்கியபோது ரசிகர்கள் 1,740 பேர். பேஸ்பாலில் 9 இன்னிங்ஸ். அதற்குள் தீராவிட்டால், தீரும்வரை கூடுதல் இன்னிங்ஸ். 9-வது முடிவில் 1-1. 21-வதில் ரோச்செஸ்டர் ஒரு ரன் முந்த, பாட்டக்கெட்டின் வேட் போக்ஸ் அடித்த அடியில் மீண்டும் சமன், 2-2. சக வீரர்கள் கட்டிப்பிடிக்க நினைத்தார்களா, அடிக்க நினைத்தார்களா என்று தெரியவில்லை என்றார் போக்ஸ் பின்னாளில்.

கடுங்குளிர். உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர்காய்ந்தனர் வீரர்கள். இரவு 12.50-க்கு மேல் புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்பது விதி. ஆனால் அம்பயர் கையிலிருந்த விதிப் புத்தகத்தில் அந்த வரி விடுபட்டிருந்தது! லீக் தலைவர் ஹெரால்டு கூப்பர் ஒருவழியாகத் தொலைபேசியில் கிடைத்து, நிறுத்தச் சொன்னார். அதிகாலை 4.07-க்கு, 32 இன்னிங்ஸுக்குப் பிறகு ஆட்டம் நின்றது. கடைசிவரை உட்கார்ந்திருந்த ரசிகர்கள் 19 பேர். அவர்களுக்கு நிர்வாகம் இலவச பாஸ் கொடுத்தது.

மிச்ச ஆட்டம் ஜூன் 23-ல். அப்போது பெரிய அணிகளின் வீரர்கள் வேலை நிறுத்தத்தில் இருந்ததால், செய்தி தேடிய பத்திரிகையாளர்கள் பாட்டக்கெட்டில் குவிந்தனர். ரசிகர்கள் 5,746 பேர். எல்லாம் 18 நிமிடத்தில் முடிந்தது. 33-வது இன்னிங்ஸில் டேவ் கோசா அடிக்க, மார்ட்டி பாரெட் ஓடி வர, பாட்டக்கெட்டுக்கு 3-2 வெற்றி. மொத்தம் 8 மணி 25 நிமிடம். தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் இல்லை.

அந்த இரவில் ஆடியவர்களில் போக்ஸும் ரோச்செஸ்டரின் கால் ரிப்கெனும் பின்னர் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பிடித்தனர். தொடர்ந்து 2,632 முதல் தர ஆட்டங்களில் ஆடிச் சாதனை படைத்தவர் ரிப்கென். வெற்றி அடியை அடித்த கோசாவுக்கோ, கடைசிவரை ஒரே ஒரு முதல் தர ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. நாற்றங்காலின் கணக்கு அப்படி. நாற்றுகள் அத்தனையும் வயலுக்குப் போவதில்லை.

கடைசியில் நாற்றங்காலே இடம் மாறியது. ஆலைகளைப் போலவே அணியும் ஊரை விட்டது. 2021 முதல் அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் ஆடுகிறது. காலியாகக் கிடந்த மெக்காய் ஸ்டேடியத்தை, புதிய உயர்நிலைப் பள்ளிக்கு இடம் வேண்டி 2025-ல் இடிக்கத் தொடங்கினார்கள். ஆலை போன ஊரில் ஆலைக் கட்டடம் இருக்கிறது. ஆட்டம் போன ஊரில் மைதானம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது 33 என்ற எண் மட்டும்.