மணி கேட்டால் இருமுறை கேள்

மைசூர் டவுன்ஹால் அருகே நிற்கிறது தொட்ட கடியாரா. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியின் வெள்ளி விழாவுக்காக 1927-ல் எழுந்த மணிக்கூண்டு. முகத்தில் கன்னட எண்கள். அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் இரண்டு முட்களும் ஒரே நேரத்தில் விழுகின்றன.

அப்படி இல்லாமல், ஒரு முள்ளைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் பார்க்க முடியும் என்றால்? நிமிட முள் 59-ல். மணி முள்ளைப் பார்ப்பதற்குள் பத்து பதினொன்றாகிவிடுகிறது. 10.59 என்று சொல்ல வேண்டியவர் 11.59 என்பார். கடிகாரம் சரிதான், படித்த விதம்தான் கோளாறு.

கம்ப்யூட்டருக்கு நேர்வது இதுதான். நெட்வொர்க் கார்டுகள் பலவற்றுக்குள் சொந்தக் கடிகாரம் உண்டு. தகவல் எந்தக் கணத்தில் வந்தது என்று முத்திரை குத்துவது அதன் வேலை. பங்குச் சந்தை வர்த்தகத்திலும் இத்தகைய முத்திரைகள் பயன்படுகின்றன.

இன்டெல் கார்டுகள் சிலவற்றில் அந்த நேரம் இரண்டு பாதிகளாகப் படிக்கப்படுகிறது. கீழ்ப்பாதியைப் படித்ததும் மேல்பாதி உறைந்து நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அது சரியாக நடப்பதில்லை. கார்டுகளோ உலகெங்கும் விற்றாகிவிட்டது. சிப்பைத் திருப்பி வாங்கித் திருத்த முடியாது. அதை இயக்கும் லினக்ஸ் டிரைவரை எழுதியவர்கள்தான் வழி கண்டார்கள். கீழ்ப்பாதியை இன்னொரு முறை படி. எண் முன்பைவிடக் குறைந்திருந்தால் நடுவில் ஒரு சுற்று முடிந்துவிட்டது என்று பொருள். மேல்பாதியை மறுபடி படித்து, இரண்டாம் முறை படித்த கீழ்ப்பாதியோடு சேர்.

82574 என்ற சிப்பில் சிக்கல் இன்னும் மோசம். சில சமயம் எண்ணே பிழையாக வரும். அடுத்தடுத்துப் படித்த இரண்டு எண்களின் இடைவெளி நம்பும்படி இருக்கும்வரை டிரைவர் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஏன் இப்படி என்ற காரணத்தையும் நிரலிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் பின்னால் வருபவர் வீண் வேலை என்று அந்த வரிகளை நீக்கிவிடுவார்.

மைசூரில் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் புரோகிராம் எழுதப் பழகும் இடம். இயந்திரம் சொல்வது வேதவாக்கல்ல என்பது அவர்களுக்கு முதல் பாடமாகலாம். இரண்டாவது பாடம் அதைவிடக் கடினம். அந்த டிரைவர் அதிகபட்சம் 50 முறைதான் கேட்கும். அப்போதும் தேறாவிட்டால் கடைசியாகக் கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே போகும். சந்தேகத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். இல்லையென்றால் மணி பார்ப்பதிலேயே பொழுது போய்விடும்.