மீஞ்சூரின் நிலத்தடி நீர்

கடலோர மணற்படுகையில் மழைநீர், அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை அது கடல்நீரைத் தள்ளி நிறுத்தும் என்கிறது கைபன்-ஹெர்ஸ்பெர்க் விதி. ஆகவே மேலே சிறிது குறைந்தாலும் அடியில் ஏற்படும் இழப்பு பன்மடங்காகிறது.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில், பாசனத்திற்கும் நகரத்தின் குடிநீருக்கும் ஆழ்குழாய்க் கிணறுகள் இடைவிடாது இறைத்ததால், கடல்நீர் உட்புகுதல், அதாவது உவர்நீர் நிலத்தடியில் கரையிலிருந்து உள்நோக்கி நகர்தல், 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. அதே வட்டாரத்தில் 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. நகரின் தாகத்திற்கு அது தேவையே. எனினும் உவர்ப்பேறிய கிணறுகளை அது மீட்பதில்லை. அதற்கு இறைப்பைக் கட்டுப்படுத்தி, கொசஸ்தலையாற்று வெள்ளத்தைத் தடுப்பணைகளில் தேக்கி மண்ணுக்குள் இறக்குவதே, மெதுவானதாயினும், உரிய வழி.