ஓய்ந்தாலும் தீராத களைப்பு

உழைத்துக் களைத்தவனுக்கு உறக்கமே மருந்து என்பார்கள். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு ஒன்று உண்டு என்பதைப் பெரியம்மாவிடம்தான் கண்டேன்.

கூடலூர்த் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் பெரியம்மா. கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து சரிவுகளில் ஏறி இறங்கியவர். சென்ற ஆண்டு அவருக்கு இரைப்பையில் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சையும் மருந்துகளும் முடிந்து வீடு திரும்பினார். நோய் ஒழிந்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் அரைக்குடம் தண்ணீரைத் தூக்கவும் அவரால் இயலவில்லை. வாசற்படியிலேயே அமர்ந்து மூச்சு வாங்குவார். சோம்பல் பிடித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் ஒருநாள், "நாள் முழுக்கப் படுத்துத்தானே இருக்கீங்க? இன்னும் என்ன களைப்பு பெரியம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் கூறவில்லை. கையை மேலே தூக்கினார். வளையல் முழங்கை வரை சரிந்து விழுந்தது.

அந்த வளையல் என்னை நூலகத்துக்கு அனுப்பியது. நம் உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு எலும்புத் தசையே. அது அசைவுக்கு மட்டுமன்று. உடலின் புரதச் சேமிப்பும் அதுவே. புற்றுநோயில் சைட்டோகைன்கள் என்னும் அழற்சித் தூதுப் பொருள்கள் பெருகித் தசைப் புரதத்தைச் சிதைக்கத் தூண்டுகின்றன, பசியையும் குறைக்கின்றன. இந்நிலைக்குக் கேக்கெக்சியா என்று பெயர். ஆறு மாதத்தில் எடை 5 விழுக்காட்டுக்கு மேல் குறைவது அதன் அறிகுறி என்றும், உணவால் மட்டும் அதை முற்றிலும் மீட்க முடியாது என்றும் 2011இல் பன்னாட்டு வல்லுநர்கள் வரையறுத்தனர். பெரியம்மாவோ 50 கிலோவிலிருந்து 42 கிலோவுக்கு வந்திருந்தார்!

பத்துப் பேர் சுமந்த மூட்டையை ஆறு பேர் சுமந்தால் அந்த ஆறு பேரும் விரைவில் களைப்பார்கள் அல்லவா? தசை குன்றியவரின் நிலையும் அதுவே. ஆயினும் தசை மட்டுமே காரணமன்று. இரத்தசோகை, உறக்கமின்மை, மனச்சோர்வு, மருந்துகள் ஆகியனவும் களைப்பைத் தரும். அதனால் பார்வைக்குப் பருத்திருப்பவரும் களைத்திருக்கலாம்.

படுத்தே கிடந்தால் தசை மேலும் கரைகிறது. கரையக் கரையக் களைப்பு கூடுகிறது. மருத்துவர் சொற்படி நடப்பதும், சிறு தசைப் பயிற்சியும் இக்களைப்பைக் குறைக்கின்றன என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும்.

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது, நோயாளி பிழைப்பாரா என்பதே பெருங்கேள்வி. இன்று பிழைத்து வந்தவரை எவ்வாறு நிமிர்ந்து நடக்கச் செய்வது என்பதும் கேள்வியாகிவிட்டது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர். வீட்டில் இருக்கும் நாமும்தான். நண்பர்களே, நோயிலிருந்து மீண்டவரைச் சோம்பேறி என்று சொல்லுமுன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

இப்போது மருத்துவர் அனுமதியுடன் பெரியம்மாவும் நானும் மாலையில் குழாயடி வரை நடக்கிறோம். தட்டில் முட்டையோ சுண்டலோ தவறாமல் இருக்கிறது. சென்ற வாரம் அவரே அரைக்குடம் தண்ணீரைத் தூக்கி வந்தார். இருமுறை நின்றார், மூச்சு வாங்கினார். நான் ஓடிப்போய்க் குடத்தை வாங்கவில்லை. பக்கத்தில் நடந்து வந்தேன்.