மொன்றியலின் வெண்பனிக் காலைகள்

கனடாவின் மொன்றியல் மாநகரிலே ஆண்டுதோறும் ஏறக்குறைய 2 மீற்றர் வெண்பனி பொழிகின்றது. ஆர்தர் சிக்கார் என்பார் 1925இல் பனிவீசும் பொறியை ஆக்கியதும் இப்பகுதியிலேதான். இன்று, பின்னே நடந்து செலுத்தும் சிறு பொறிகளின் இரைச்சலோடு மாரிக்காலைகள் விடிவதைக் கண்டோம்.

ஈரப்பனி பொறியின் குழாயை அடைக்கும்போதுதான் அபாயம். எஞ்சினை நிறுத்திய பின்பும் உள்ளேயுள்ள சுழல்தகடு முறுக்கேறி நிற்கக்கூடும். அடைப்பு நீங்கிய கணமே சுழன்று விரலைத் துண்டித்துவிடும். ஆகையால், எஞ்சினை நிறுத்தி, சுழற்சி ஓய்ந்தபின், நீண்ட கோலினாலேயே பனியை அகற்றுதல் வேண்டும். கையுறை எவ்வளவு தடிப்பாயினும் கை உள்ளே செல்லலாகாது!

நம்மை வியப்பித்தது ஒரு சிற்றாணி. கல்லோ கட்டையோ சிக்கின், அது தான் முறிந்து பற்சக்கரத்தைக் காக்கும். அதற்கு ஈடாக வன்மையான உருக்காணியைச் செருகும் சிக்கனக்காரர், பின்னர் பற்சக்கரத்துக்கே விலை கொடுக்க நேரும்.