ஒரு துளி உயவுநெய்

தமிழ்த்துறை மலரில் எண்ணெயைப் பற்றி என்ன கட்டுரை என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். இத்தனை ஆண்டுகளாகச் சங்கப் பாடல்களைப் பற்றியும் சீறாப்புராணத்தைப் பற்றியும் இத்தகைய மலர்களில் எழுதி வந்திருக்கிறேன். இம்முறை, என் வாழ்நாளில் என் கைகளாலேயே செய்து முடித்த ஒரே பொருளைப் பற்றி எழுத விழைகின்றேன். அஃது ஒரு பித்தளைக் குப்பி. கட்டைவிரல் பருமனும் 30 மில்லிமீட்டர் உயரமும் உடையது. விளையாட்டு நீராவி எஞ்சின் ஒன்றுக்கு எண்ணெய் ஊட்டும் கலம்.

என் அத்தா திருச்சிராப்பள்ளி பொன்மலை இரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து 1988இல் ஓய்வு பெற்றவர். மீட்டர் பாதை நீராவி எஞ்சின்களின் உருளைகளையும் வால்வுகளையும் பிரித்துச் செப்பனிடுவது அவர்தம் வேலை. மாலையில் அவர் வாசலுக்கு வருமுன்னே அவருடைய காக்கிச் சட்டையின் எண்ணெய் மணம் வந்துவிடும். அந்த மணத்துக்கு அஞ்சித்தான் நான் தமிழ் எம்.ஏ. படிக்கப் போனேன் என்பது அவருடைய எண்ணம். அது முற்றிலும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். தொழிலைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

1996இல் இங்கிலாந்திலிருந்து விடுமுறையில் வந்த மச்சான், என் மகனுக்கென்று ஒரு சிறு நீராவி எஞ்சின் கொண்டுவந்தார். 45 மில்லிமீட்டர் அகலப் பாதை. ஸ்பிரிட் விளக்கால் கொதிக்கும் கொதிகலன். ஓட்டுமுன் ஒவ்வொரு முறையும் நீராவிக் குழாயில் சில சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்று குறிப்பு இருந்தது. வீட்டிலிருந்த தையல் இயந்திர எண்ணெயை விட்டேன். நான்காம் நாள் அது கிறீச்சிட்டு நின்றது. பிள்ளை அழத் தொடங்கினான். கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த அத்தா எழாமலே, "உருளை காஞ்சு போச்சு தம்பி. தண்ணியில கழுவிட்டுப் போற எண்ணெயை ஊத்தியிருக்கே" என்றார்.

பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனில் நீளவாக்கில் கீறல்கள். சிறிய கொதிகலனிலிருந்து வரும் நீராவி ஈரம் மிக்கது. மெல்லிய எண்ணெயை அது உருளைச் சுவரிலிருந்து கழுவிக்கொண்டு புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். நீராவி உருளைக்கென்று தனி எண்ணெய் உண்டு, தேன்போல் கெட்டியானது. அதில் சிறிது விலங்குக் கொழுப்பைக் கலப்பார்கள். ஈரமான உலோகத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் தன்மை அதனால் வருகிறது. ஆனால் கெட்டியான எண்ணெய் தானாக ஓடாது; அழுத்தத்தோடு பாயும் நீராவிக்குள் அதைப் புகுத்தவும் வேண்டும். அதற்குத்தான் குப்பி.

அதன் இயக்கத்தை அத்தா எனக்கு விளக்கிய அந்த மாலையை நான் மறக்கவில்லை. குப்பியின் மேற்பகுதியை ஊடுருவி நீராவிக் குழாய் செல்கிறது. குழாயில் ஒரு நுண்துளை. குப்பி நிறைய எண்ணெய். நீராவியில் சிறிதளவு அத்துளை வழியே குப்பிக்குள் புகுந்து குளிர்ந்து நீராகிறது. நீர் எண்ணெயினும் கனமானது. ஆகவே அடியில் தங்குகிறது. தங்கிய நீரின் அளவுக்கு எண்ணெய் மேலெழுந்து, அதே துளை வழியே குழாய்க்குள் கசிந்து, நீராவியோடு உருளைக்குப் போகிறது. கதையில் வரும் காகம் கல்லிட்டு நீரை உயர்த்தியது. இங்கே நீர் புகுந்து எண்ணெயை உயர்த்துகிறது. பெரிய எஞ்சின்களில் ஓட்டுநர் முன்னே கண்ணாடிக் குழல் இருக்குமாம். அதிலுள்ள நீரினூடே எண்ணெய்த் துளிகள் ஒவ்வொன்றாய் மேலேறுவதை அவர் எண்ணிப் பார்க்கலாமாம். இதைச் சொல்லும்போது அத்தாவின் விரல் காற்றில் மேல்நோக்கிப் புள்ளி வைத்துக்கொண்டே போயிற்று.

இம்முறையை 1860இல் இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்னும் இரயில்வே பொறியாளர் உருவாக்கினார் என்று பின்னாளில் படித்தறிந்தேன். பிஸ்டனுக்குப் பிளவு வளையம் கண்டவரும் அவரே. அமெரிக்காவில் 1872இல் தானியங்கி எண்ணெய்க் கலத்துக்குக் காப்புரிமை பெற்றவர் எலைஜா மெக்காய். கெண்டக்கியின் அடிமைத்தளையிலிருந்து கனடாவுக்குத் தப்பிய பெற்றோரின் மகன். ஸ்காட்லாந்து சென்று பொறியியல் பயின்றவர். திரும்பி வந்தவருக்குக் கறுப்பர் என்ற காரணத்தால் பொறியாளர் வேலை கிட்டவில்லை. இரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டு எண்ணெய் இடும் வேலைதான் கிட்டியது. எண்ணெய்க்காக எஞ்சினை நிறுத்த வேண்டிய தொல்லையைக் கையால் அறிந்தவர் அவர். இதை அத்தாவிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

எங்கள் குப்பிக்கு வருவோம். அத்தாவின் கைகள் அப்போது நடுங்கத் தொடங்கியிருந்தன. ஆகவே அவர் சொல்ல நான் செய்தேன். பித்தளைக் குழாயை வெட்டி, அடிமூடியை வெள்ளிப்பற்றுக் கொண்டு ஒட்ட வேண்டும். ஈயப்பற்று எளிது, அத்தா ஒப்பவில்லை. வெள்ளிப்பற்று 600 பாகைக்கு மேலேதான் உருகும். அதுவரை உலோகத்தைச் செந்நிறமாகக் காய்ச்ச வேண்டும். முதல் குப்பியையே உருக்கிவிட்டேன். அடுத்தது துளை. அரை மில்லிமீட்டர் துளைக்கான ஊசிகள் மூன்றை ஒடித்தபின், பொறுமையிழந்து ஒரு மில்லிமீட்டரில் துளையிட்டேன். அத்தா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் ஓடிய சில நிமிடங்களில் குப்பியிலிருந்த எண்ணெய் முழுவதும் புகைபோக்கி வழியே வெளியேறி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அவருடைய வெள்ளைச் சட்டையில் தெறித்தது. வெள்ளிக்கிழமை வேறு. அம்மா அன்று பேசியவற்றை இங்கே எழுதுவதற்கில்லை. அத்தாவோ சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

அடுத்த குப்பியில் அரை மில்லிமீட்டர் துளை அமைந்தது. அது அடைபட்டால் பம்ப் ஸ்டவ்வுக்குக் குத்தும் ஊசியாலேயே துப்புரவாக்கினோம். எஞ்சின் ஓடுகையில் அத்தா புகைபோக்கிக்கு மேல் ஒரு வெள்ளைத்தாளைக் காட்டினார். தாளில் நுண்ணிய பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. "போதும், குடிக்குது" என்றார். ஓடி முடிந்து ஆறியபின் அடித்திருகைக் கழற்றி நீரை வடிக்க வேண்டும். எவ்வளவு நீர் வடிகிறதோ அவ்வளவு எண்ணெய் செலவாகியிருக்கிறது என்று பொருள். அவர் அதை மருந்தூசிக் குழலில் அளந்து ஒரு நோட்டில் குறித்துவந்தார். அழுத்தம் இறங்குமுன் மேல்மூடியைத் திறந்த என் அவசரத்துக்குச் சான்றாக இடது மணிக்கட்டில் இன்றும் ஒரு தழும்பு உண்டு.

இடையே என் துறை சார்ந்த ஒரு சொல். வண்டியின் அச்சுக்கு இடும் நெய்யை உயவுநெய் என்றனர் நம் முன்னோர். உயவு என்பதற்கே வருத்தம் என்ற பொருளும் உண்டு. இதைச் சொன்னபோது, "ரெண்டும் ஒண்ணுதான். உங்க ஆளுங்களுக்கு வேலை தெரிஞ்சிருக்கு" என்றார் அத்தா.

குப்பியோடு அவர் நிறைவடையவில்லை. அது எஞ்சின் நின்றிருக்கும்போதும் கசியும். ஓட்டத்துக்கு ஏற்ப ஊட்டாது. மச்சானுக்குக் கடிதம் எழுதி, ஆங்கில மாதிரிப் பொறியியல் இதழொன்றின் பக்கங்களைப் படியெடுத்து அனுப்பச் செய்தார். அதில் இருந்தது இயந்திர எண்ணெய்ப் பம்பு. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் பற்சக்கரம் ஒரு பல் நகரும். நாற்பது பல் நகர்ந்தால் பம்பு ஒருமுறை அழுத்தும். எங்கள் எஞ்சினின் 40 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு, ஐந்து மீட்டர் ஓடினால் ஒரு துளி என்று காலண்டர் தாளின் பின்புறம் கணக்கிட்டார். பம்பின் படத்தையும் அதிலேயே வரைந்தார். அரம் பிடிக்கும்போது மட்டும் அவர் கை நடுங்காது. ஆகவே பற்சக்கரத்தைத் தாமே வெட்டுவதாகச் சொல்லிவிட்டார். நாளுக்கு ஒரு பல், சில நாள் அதுவுமில்லை.

1999இல் அத்தா மவுத்தானார். அந்தச் சக்கரம் என் மேசை இழுப்பறையில், ஒடிந்த துளை ஊசிகளோடு இருக்கிறது. நாற்பது பற்களில் இருபத்தாறு வெட்டப்பட்டிருக்கின்றன.