வராத தாயைத் தேடி

பூநகரிப் பக்கத்தில் ஒரு மணல் ஒழுங்கை. ஸ்கூட்டர் சில்லு புதைகிற இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார் குடும்பநல உத்தியோகத்தர். பின்னால் நான். முந்தின கிழமை கிளினிக்குக்கு வராத ஒரு பெண்ணின் வீடுதான் அன்றைய முதல் வீடு. வந்தவர்களின் வீடுகள் வழியிலேயே இருந்தன. அவற்றைக் கடந்து போனோம். "வந்த ஆக்களைப் பற்றி யோசினை இல்லை. வராத ஆள்தான் என்ர ஆள்" என்றார்.

படலையில் நின்று குரல் கொடுத்தார். மாமியார் வந்து, "வாங்கோ மிஸ், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார். கிளினிக் பேச்சை இவர் எடுக்கவே இல்லை. கிணற்றுத் தண்ணீர் இன்னும் உவர்க்கிறதா, பவுசர் ஒழுங்காக வருகிறதா, மகன் எந்தப் பக்கம் தொழிலுக்குப் போகிறார் என்று விசாரணை நீண்டது. அந்தப் பெண் வந்து விறாந்தைக் குந்தில் இருந்தாள். எட்டாம் மாதம், முதல் பிள்ளை. அவளிடம் கேட்ட முதல் கேள்வியிலும் கிளினிக் இல்லை.

"இரும்புக் குளிசையை எதோட குடிக்கிறீர் தங்கச்சி?"

"தேத்தண்ணியோட மிஸ்."

தேயிலையில் உள்ள தனின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. அரசாங்கம் இலவசமாகத் தருகிற குளிசை, ஒழுங்காகவே குடிக்கப்பட்டு, ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் வீணாகப் போகிறது. குளிசை கொடுத்த கணக்கு எந்தப் பதிவேட்டிலும் சரியாகவே இருக்கும். வீட்டுக்குப் போய் இந்தக் கேள்வியைக் கேட்கிறவருக்கு மட்டும்தான் இது தெரியவரும்.

அந்தப் பெண் நடந்து வரும்போதே அவளுடைய பாதத்தில் செருப்பு வார் ஆழமாகப் பதிந்திருந்ததை இவர் பார்த்துவிட்டார். நான் கவனிக்கவில்லை, பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். பிரஷர் பார்த்தார், 150க்கு 100. ஒன்றும் சொல்லாமல் அவளை இடதுபக்கம் சரிந்து படுக்கச் சொன்னார். மாமியாரோடு கதைத்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி பார்த்தார். இறங்கவில்லை. சிறுநீரில் தோய்த்த பட்டி புரதத்துக்குரிய நிறத்தைக் காட்டியது. எட்டாம் மாதத்தில் இந்த மூன்றும் சேர்ந்தால் அடுத்து வரக்கூடியது வலிப்பு. அதில் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம்.

"நாளைக்குப் போகட்டும் மிஸ். இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை" என்றார் மாமியார்.

"ஓம் அம்மா, செவ்வாய்தான். அதாலதான் அவவைத் தனிய விடேலாது. நீங்களும் கூடப் போங்கோ. டொக்டரிட்ட வீட்டு நிலைமையைச் சொல்ல உங்களைவிட்டால் ஆர் இருக்கினம்?"

மாமியார் உள்ளே போய்ச் சேலை மாற்றத் தொடங்கினார். இவர் 1990க்கு அழைத்தார். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, பிறகு வடக்குக்கும் வந்த இலவச அம்புலன்ஸ் சேவை அது. பிறகு கிளிநொச்சி ஆஸ்பத்திரியின் பிரசவ விடுதிக்குத் தானே கதைத்து, வருகிறவரின் பிரஷர் அளவையும் மாதத்தையும் சொன்னார். கர்ப்பவதி அட்டையில் எழுதிக் கையொப்பம் வைத்தார். மறுத்துப் பேசக்கூடிய ஒரே ஆளை, அழைத்துப் போகும் பொறுப்புள்ள ஆளாக அவர் மாற்றியது நாலு வசனத்தில் நடந்தது. அதட்டவில்லை, பயமுறுத்தவில்லை. தலைமைத்துவம் பற்றிய பயிற்சிப் பட்டறைகள் பலவற்றில் நான் இருந்திருக்கிறேன். அந்த விறாந்தையில் கண்டதைப்போல எதையும் அவற்றில் கண்டதில்லை.

அடுத்த வீடுகள் அமைதியானவை. ஒரு வீட்டில், ஏழாம் மாதக் கர்ப்பவதியை முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார். நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை மேலே தள்ளி அளவைப் பொய்யாக்கும். கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டார். குளிர்ந்த கை பட்டால் வயிறு இறுகிவிடும், இறுகிய வயிற்றில் எதுவும் பிடிபடாது. பிறகு கண்ணை வயிற்றிலிருந்து எடுத்துத் தாயின் முகத்தில் வைத்தார். வயிற்றைக் கை பார்த்துக்கொள்ளும், நோகிறதா என்பதை முகம்தான் சொல்லும். மேலே இருப்பது தலையா குண்டியா, முதுகு எந்தப் பக்கம், கை கால் எந்தப் பக்கம் என்று விரல்கள் தேடின. நாடாவை வைத்து அளந்தார். ஆறாம் மாதத்துக்குப் பிறகு கர்ப்பப்பையின் உயரம் சென்ரிமீற்றரில் எவ்வளவோ, கிட்டத்தட்ட அத்தனை கிழமை. ஓரிரு சென்ரிமீற்றர் கூடிக் குறையலாம். அதற்கு மேல் குறைந்தால் பிள்ளை வளரவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

பையிலிருந்து பினார்ட் குழலை எடுத்தார். ஒரு சாண் நீளத்தில் ஊதுகுழல் வடிவக் கருவி. பிரான்ஸில் அடோல்ஃப் பினார்ட் என்ற மகப்பேற்று மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம். அகன்ற வாயைப் பிள்ளையின் முதுகுப் பக்கம் வைத்து, மறுமுனையில் காதைப் பதித்து, கையை எடுத்துவிட்டார். குழலைக் கையால் பிடித்திருந்தால் விரலின் உரசல் காதில் விழும். காதின் அழுத்தத்திலேயே அது நிற்க வேண்டும். விடுபட்ட அந்தக் கை தாயின் மணிக்கட்டுக்குப் போனது. நாடியும் காதில் கேட்பதும் ஒன்றாக ஓடினால் அது தாயின் துடிப்பு. பிள்ளையினுடையது வேறாக, வேகமாக, நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் இடையில் ஓடும். எனக்கும் கேட்கத் தந்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சை அடக்கினேன். தலையணைக்குள் வைத்த கைக்கடிகாரம்போல ஒன்று கேட்டது. "கேட்டுதோ?" என்று தாய்தான் என்னிடம் கேட்டாள்.

இலங்கையின் தாய்மார் ஏன் பக்கத்து நாடுகளின் தாய்மாரைவிடக் குறைவாகச் சாகிறார்கள் என்ற கேள்விக்கு ஆஸ்பத்திரிக் கட்டடங்களைக் காட்டுவது வழக்கம். கட்டடங்கள் வேண்டும்தான். ஆனால் பாதை களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வருகிறது. ஒரு குறிப்பிட்ட எல்லை, அதற்கொரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே வீடு வீடாகப் போகும் மருத்துவ மாதர், அதாவது இன்றைய குடும்பநல உத்தியோகத்தர். அந்த அமைப்புப் பிறகு நாடு முழுதும் பரவியது. 1930களில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அது மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. மலேரியாக் கட்டுப்பாடும் புதிய மருந்துகளும் அதற்குக் கைகொடுத்தன. இன்று அது 30 அளவில் நிற்கிறது. இலங்கையும் மலேசியாவும் ஆறு முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தாய் மரண விகிதத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்ததை உலக வங்கியின் 2003ஆம் ஆண்டு ஆய்வு விரிவாகப் பேசுகிறது. இரண்டு நாடுகளும் பணக்கார நாடுகளாவதற்கு முன்னரே இதைத் தொடங்கின. பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற, சம்பளம் வாங்குகிற ஒரு பெண்ணை ஊருக்குள் இருத்தின. அவர் கடிதம் கொடுத்தால் ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டது.

யாழ்ப்பாணத்துக்கு இதில் இன்னும் பழைய உறவு இருக்கிறது. மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்திய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மான்செல் எழுதிய பிரசவ மருத்துவ நூலை 1857இல் தமிழில் கொண்டுவந்தார். இணுவிலில் 1898இல் தொடங்கிய பெண்கள் ஆஸ்பத்திரியில் பிறந்த தலைமுறைகள் இன்றும் அதைப் பெருமையோடு சொல்லும். பிரசவ அறிவு தாயின் மொழியில் இருந்தால்தான் தாய்க்கு உதவும் என்பதைக் கிறீன் போன்றவர்கள் அப்போதே விளங்கிக்கொண்டிருந்தார்கள்.

குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடுகளை ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய பிரிவில் ஏறத்தாழ மூவாயிரம் பேர். திருமணமான தம்பதியர், கர்ப்பவதிகள், பிரசவித்தோர், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். கர்ப்பம் எட்டுக் கிழமைக்கு முன்னரே பதிவாக வேண்டும். எச்-512 என்ற கர்ப்பவதி அட்டையின் ஒரு பகுதி தாயிடம் இருக்கும், மற்றது சுகாதார சேவையிடம். பிரசவத்துக்குப் பிறகு முதல் ஐந்து நாளுக்குள் ஒருமுறை, ஆறுக்கும் பத்துக்கும் இடையில் ஒருமுறை, பதினான்குக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் ஒருமுறை, நாற்பத்திரண்டாம் நாளை ஒட்டி ஒருமுறை என்று வீடு தேடிப் போக வேண்டும்.

எங்கள் ஊரில் முப்பத்தோராம் நாள்வரை துடக்கு. தாய் வெளியே வரமாட்டாள். கிளினிக் எவ்வளவு அருகில் இருந்தாலும் அந்த ஒரு மாதத்தில் அவள் அங்கே போகமாட்டாள். காய்ச்சல், மணக்கும் இரத்தப்போக்கு, மார்புக் கட்டு, கெண்டைக்கால் நோவு, சும்மா சும்மா வரும் அழுகை எல்லாம் அந்த மாதத்தில்தான் வரும். வீட்டுக்குள் போகிற உரிமை இந்த ஒருவருக்குத்தான் உண்டு. சரக்குக் கறியையும் நொச்சியிலை வெந்நீர்க் குளிப்பையும் அவர் தடுப்பதில்லை. "அதில என்ன பிழை? தண்ணியைக் குறைச்சுக் குடுக்கிறதைத்தான் நான் விடுறேல்லை" என்றார். பால் கொடுக்கிற தாய்க்குத் தண்ணீர் மறுக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது.

ஒரு தாய் இறந்துவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. இலங்கையில் தாய் மரணம் ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு விசாரணை, ஊரில் ஒரு விசாரணை. பிறகு 1968இல் தொடங்கப்பட்ட குடும்ப சுகாதாரப் பணியகம், மகப்பேற்று நிபுணர்களோடு சேர்ந்து மாவட்டம் மாவட்டமாக அவற்றை மீளாய்வு செய்கிறது. எங்கே தாமதமானது, யாருக்குத் தெரிந்திருந்தது, அடுத்த தாய்க்கு எதை மாற்றலாம் என்பதுதான் கேள்வி. ஆளைத் தண்டிப்பது நோக்கமல்ல. ஆனாலும் அந்த அட்டையை எழுதியவர் தன் கையெழுத்தைத் தானே எல்லோர் முன்னும் படிக்க வேண்டியிருக்கும். "அண்டைக்குப் பிறகு அந்த ஒழுங்கையால போறது கஷ்டம். ஆனா போகத்தான் வேணும். பக்கத்து வீட்டிலையும் ஒரு கர்ப்பவதி இருப்பா" என்றார். சாவை எண்ணிவிட்டு நிறுத்தாமல், ஏன் என்று கேட்ட துணிவுதான் இந்த நாட்டின் எண்களைக் கீழே கொண்டுவந்தது என்று நான் நம்புகிறேன்.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது பெற்றோல் இல்லை. வரிசையில் நின்றால் ஒரு நாள் போகும், நிற்காவிட்டால் வீடுகள் போகும். அவர் பழைய சைக்கிளை எடுத்தார். கர்ப்பவதிகளுக்கு மாதம் இரண்டு பொதி கொடுக்கிற திரிபோஷாவும் அந்தக் காலத்தில் ஒழுங்காக வரவில்லை. 1973இலிருந்து வருகிற சோளமும் சோயாவும் கலந்த அந்தச் சத்துமா, பல வீடுகளில் தாய்க்கென்று தனியாக வருகிற ஒரே உணவு. தராசில் தாய்மாரின் நிறை குறைந்ததை முதலில் கண்டவர்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள்தான். போர்க்காலத்தில் இதே மண்ணில் பதுங்குகுழிக்குள் பிரசவம் பார்த்த மூத்தவர்களிடம் தொழில் பழகியவர் இவர். பஞ்சத்தைப் பற்றி அவர் பெரிதாகச் சொல்லவில்லை. நிறை குறைந்தவர்களை இப்போதும் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்.

இனி எனக்கு ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். இத்தனையும் செய்கிறவருக்குத் தொழிலில் ஏற ஏணி மிகக் குட்டை. ஒன்றரை வருடப் பயிற்சி, நியமனம், பல வருடங்களுக்குப் பிறகு மேற்பார்வைப் பதவி. அதற்கு மேலே தாதியர் சேவையிலிருந்து வரும் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி, அவருக்கு மேலே வைத்திய அதிகாரி. மருத்துவ மாதரைப் பதிவு செய்வதுகூட இலங்கை மருத்துவச் சபைதான்; தங்களுக்கென்று ஒரு சபை அவர்களுக்கு இல்லை. மேலே இருப்பவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பிரசவித்த வீட்டுப் படலையைத் தட்டி அறிந்தவர் ஒருவர் முடிவெடுக்கும் மேசையில் இருப்பதும், அவர் எழுதிய எண்கள் மட்டும் அங்கே போவதும் ஒன்றல்ல. உலகத்தின் மருத்துவ மாதர் நிலை பற்றி 2021இல் வந்த அறிக்கை, ஒன்பது இலட்சம் பேர் பற்றாக்குறை என்று சொன்னதோடு, விவரம் தந்த நாடுகளில் பாதியில்தான் சுகாதார அமைச்சுக்குள் மருத்துவ மாதர் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்றும் சொன்னது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையே 2019இல்தான் தலைமை மருத்துவ மாது என்ற பதவியை உருவாக்கி ஜாக்குலின் டங்க்லி-பென்ட்டை நியமித்தது. நூறு வருடமாக வீடு வீடாகப் போய் உலகம் பாராட்டும் எண்களைக் கொண்டுவந்த சேவைக்கு இலங்கை அதை எப்போதோ கொடுத்திருக்க வேண்டும்.

கொழும்பில் அப்படியொரு கதிரை கிடைத்தால் முதலில் என்ன கேட்பீர்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. இது எத்தனையோ நாளாக மனதில் இருந்திருக்கிறது.

"கிளினிக் நாளைப் பஸ் வாற நாளுக்கு மாத்தச் சொல்லுவன். வெற்றிடம் எண்டு சொல்லி ஒராளுக்கு ரண்டு பிரிவு குடுக்கிறதை நிப்பாட்டச் சொல்லுவன். ஒரே விபரத்தை நாலு புத்தகத்தில எழுதுறம், அதை ஒண்டாக்கச் சொல்லுவன். எங்கட பிள்ளையளுக்குப் பட்டப்படிப்பு வேணும், படிச்சுப்போட்டும் வீட்டுக்குப் போற வேலையை விடாத மாதிரி ஒரு பதவியும் வேணும். பேந்து, அந்தக் கதிரையில இருக்கிறவ மாசத்தில ஒரு நாளாவது எங்களோட ஒழுங்கைக்கு வரவேணும் எண்டும் எழுதி வைக்கச் சொல்லுவன்."